முப்பத்தேழாம் பக்கம்

பதிப்பகத்தில் கேட்கிறார்கள்,
இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் ஏதும் உண்டா என்று.

உண்டு.
முப்பத்தேழாம் பக்கம், மூன்றாம் வரி:
'ஜன்னலைத் திறந்து வையுங்கள்.
மூச்சை ஆழமாக உள்ளே இழுங்கள்.'

எழுதியவள் நான்தான்.
கல்லாங்கில் எண்ணூறு மீட்டர் ஓடிய நாட்களில்
அறிவிப்பாளருக்கு என் பெயர் மடாங்கி.
மாதங்கி என்று திருத்துவதற்குள்
துப்பாக்கி வெடித்துவிடும்.
கோபத்திலேயே முதல் சுற்று போய்விடும்.
இரண்டாம் சுற்றில் கோபம் தீர்ந்திருக்கும்,
கால்களும் தீர்ந்திருக்கும்.
கடைசி இருநூறு மீட்டரை
நுரையீரல்தான் ஓடி முடிக்கும்.

முழங்கால் போனபின்
அதைத்தான் புத்தகமாக்கினேன்.
அட்டையில் என் படம்,
வியர்வைக்குப் பதில் தண்ணீர் தெளித்து எடுத்தது.

அப்புறம் அந்தச் செப்டம்பர்.
தமிழ்ச் செய்தியில்
காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு என்று
ஒரே மூச்சில் வாசித்தார்கள்.
எங்கள் புளோக் லிஃப்டில்
"நம்பர் எவ்வளவு?" அவ்வளவுதான்.
இருநூற்றைத் தாண்டிய அன்று
எதிர் புளோக்கைக் காணவில்லை.
சூரியன் மட்டும்
உப்பு முட்டையின் மஞ்சள் கருவாய்.

உட்லண்ட்சிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்:
'முப்பத்தேழாம் பக்கத்தில் நிற்கிறேன்.
ஜன்னலைத் திறக்கவா, வேண்டாமா?'

மூன்று நாள் பதில் எழுதவில்லை.
நான்காம் நாள் ஒரு கருவி வாங்கினேன்,
உள்ளங்கை அகலம், காற்றின் தூசியை எண்ணுவது.

புகைமூட்டம் மழையில் கரைந்து போனது.
கருவி போகவில்லை.
பள்ளி வாசலில்
பிள்ளைகளுக்காகக் குளிரூட்டியபடி
எஞ்சினை அணைக்காமல் நிற்கும் கார்களின் கண்ணாடியைத் தட்டினேன்.
பாதிப் பேர் இறக்கினார்கள்.
ஒருவர் என் அட்டைப்படத்தை அடையாளம் கண்டு
கையெழுத்து வாங்கிக்கொண்டார்.
எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

ஏழாம் மாதம்
தகரத் தொட்டியில் காகிதப் பணம் எரிக்கும் திருவாட்டி சியூவை
நான் ஒன்றும் கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை என் வீட்டுச் சாம்பிராணிக்கு
கருவி காட்டிய எண்
அதைவிடப் பெரிது.

ஒரு காலை, யீஷூன் மைதான வேலிக்கு வெளியே
முதுகில் பெட்ரோல் இயந்திரம் கட்டி
இலைகளை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார் ஒருவர்.
அறந்தாங்கிக்காரர், வாயில் துண்டு.
கருவியை நீட்டினேன்: நூற்று எண்பத்தேழு.
இயந்திரத்தை அணைத்து எட்டிப் பார்த்தார்.
"மூணு நம்பர்தான் இருக்கு.
இன்னொன்னு சொல்லுங்கக்கா,
நாலு நம்பர் வாங்கிடலாம்."

சிரித்தேன். சிரிப்பு இருமலில் முடிந்தது.
பையில் இருந்த முகக்கவசத்தைக் கொடுத்தேன்.
"இதப் போட்டுக்கிட்டு
இத முதுகுல சுமந்து பாருங்க" என்றார்,
கோபமில்லாமல், விலை சொல்வதுபோல.

வாங்கி மாட்டினேன்.
முகக்கவசம், பன்னிரண்டு கிலோ, அதிர்வு, முப்பத்து மூன்று பாகை.
ஒரு புளோக் நீளம் நடந்தேன்.
அந்தக் கடைசி இருநூறு மீட்டர்
எனக்கு நன்றாகத் தெரிந்த இருநூறு மீட்டர்.
ஒன்றுதான் வேறு:
முடிவுக்கோடு இல்லை.
அவருக்கு அன்று இன்னும் பதினோரு புளோக்.

நகர மன்றத்துக்கு எழுதினேன்.
மின்கலத்தில் ஓடுவதைப் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.
மறுபடி எழுதினேன்.
அதே பதில், வேறு தேதி.
போன வாரம் ஆறாவது கடிதம்.
ஓட்டக்காரிக்குச் சுற்றுகளை எண்ணத் தெரியும்.

ஆகவே, திருத்தம்:
'ஜன்னலைத் திறவுங்கள்.
மூச்சை இழுக்குமுன் தலையை வெளியே நீட்டி
கீழே யார் நிற்கிறார், எதைச் சுவாசிக்கிறார்
என்று பாருங்கள்.'

பதிப்பாசிரியர் போன் செய்தார்.
"இது உடற்பயிற்சிப் புத்தகம், மாதங்கி.
இதில் என்ன பயிற்சி?"

கழுத்துக்கு, என்றேன்.